தயிர் சாதத்துக்கு மிக்சர், தோசைக்குச் சர்க்கரை... உங்கள் வீட்டில் யாருக்கு என்ன?

ஞாயிற்றுக்கிழமை மதியம். ஐந்து பேர் இருக்கும் வீடு. சாதம் வடித்து, ரசம் நுரைத்து, அப்பளமும் பொரித்தாகிவிட்டது. "சாப்பிட வாங்க" என்று அடுப்படியிலிருந்து குரல் வருகிறது.

அப்பாவுக்குச் சாம்பார் சாதத்தில் அப்பளத்தை நொறுக்கிப் போட்டுப் பிசைந்தால்தான் சாப்பாடு இறங்கும். பக்கத்தில் வைத்துக் கடித்துக்கொள்ளச் சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டார். அப்பத்தாவுக்கு எதைச் சாப்பிட்டாலும் கடைசியில் ஒரு துண்டு வெல்லம் வேண்டும். கல்லூரியில் படிக்கும் மகள் தயிர் சாதத்துக்கு மிக்சர் கேட்பாள், அதிலும் நிலக்கடலையை மட்டும் பொறுக்கித் தனியே வைத்துவிடுவாள். பத்து வயதுப் பையனுக்குத் தட்டில் சாதம் ஒரு பக்கம், பொரியல் ஒரு பக்கம், நடுவில் எல்லைக்கோடு. பீட்ரூட்டின் சிவப்பு துளி சாதத்தில் பட்டுவிட்டாலும் தட்டைத் தள்ளிவிடுவான். அவித்த முட்டை என்றால் அக்காவுக்கும் தம்பிக்கும் ஓர் ஒப்பந்தம் உண்டு. மஞ்சள் கரு அவளுக்கு, வெள்ளைக்கரு அவனுக்கு.

அம்மாவுக்கு இது அத்தனையும் மனப்பாடம். அப்பாவுக்கு இரண்டு அப்பளம் கூடுதலாகப் பொரிப்பார். வெல்லத்தை உடைத்துச் சின்ன டப்பாவில் போட்டு அப்பத்தா கைக்கு எட்டும் இடத்தில் வைப்பார். பையனின் பொரியலுக்குத் தனிக் கிண்ணம் எடுப்பார்.

அம்மாவுக்கு என்ன பிடிக்கும்?

"அவளுக்கு அப்படியெல்லாம் ஒண்ணும் கிடையாது. எதைக் கொடுத்தாலும் சாப்பிடுவா" என்பார் அப்பா. எல்லோரும் கை கழுவிய பிறகு, பாத்திரங்களின் அடியில் இருப்பதை வழித்துப் போட்டுக்கொண்டு அம்மா உட்காருவார். அவருக்கென்று ஒரே ஒரு பழக்கம்தான். உலையில் போட அரிசி எடுக்கும்போது கொஞ்சம் அரிசியை அப்படியே வாயில் போட்டு மென்றுகொண்டே வேலை பார்ப்பார். "அம்மா மறுபடியும் எலியா மாறிட்டாங்க" என்று பிள்ளைகள் கேலி செய்வார்கள். அவரும் சிரித்துக்கொள்வார்.

இந்த வீடு எந்த ஊரிலும் இருக்கலாம். பட்டியல் மட்டும்தான் மாறும்.

ஒரு வீட்டு விநோதம், இன்னொரு வீட்டு வழக்கம்

தோசைக்குச் சர்க்கரை தொட்டுக்கொள்பவரைப் பார்த்துச் சிரிக்கும் அதே ஆள், அடைக்கு வெல்லமும் வெண்ணெயும் வைத்தால் ரசித்துச் சாப்பிடுவார். இரண்டிலும் மாவும் இனிப்பும்தான் இருக்கின்றன. அடையும் வெல்லமும் பல வீடுகளில் தலைமுறைகளாக ஜோடி சேர்ந்துவிட்டன. தோசையும் சர்க்கரையும் இன்னும் குழந்தைகளின் தட்டைத் தாண்டவில்லை. வித்தியாசம் அவ்வளவுதான்.

நாகர்கோவில் பக்கத்துக் கல்யாணப் பந்தியில் பாயசம் வந்ததும் கவனித்துப் பாருங்கள். இலையில் ஊற்றிய பாயசத்தில் வாழைப்பழத்தைப் பிசைந்து, பப்படத்தை நொறுக்கிப் போட்டு வழித்துச் சாப்பிடுவார்கள். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்த சம்பந்தி வீட்டார் அதைப் பார்த்துக் கண்ணை விரிப்பார்கள். அந்தச் சம்பந்தி வீட்டிலேயே ஒருவர் தயிர் சாதத்துக்கு மாம்பழத் துண்டு தொட்டுக்கொள்பவராக இருப்பார். அது அவர்களுக்கு இயல்பு.

புட்டுக்குப் பயறும் பப்படமும் பழமும் சேர்ப்பவர்கள் உண்டு. சர்க்கரை மட்டும் போதும் என்பவர்களும் உண்டு. உப்புமா என்றால் சட்னியைத் தேடுபவர்களுக்கும் சர்க்கரை டப்பாவைத் தேடுபவர்களுக்கும் நடக்கும் சண்டை எந்தக் காலத்திலும் முடியப்போவதில்லை. பழைய சோற்றுக்கு நேற்று வைத்த மீன்குழம்பு என்றால் சிலருக்கு நாக்கில் நீர் ஊறும். சிலர் அந்த வாசனைக்கே எழுந்து போய்விடுவார்கள்.

டீயில் உப்புப் போட்டுக் குடிக்க முடியுமா? காஷ்மீரில் பல வீடுகளில் அன்றாடம் குடிப்பதே அதுதான். இளஞ்சிவப்பு நிறத்தில் இருக்கும் அந்த 'நூன் சாய்' உப்பும் பாலும் சேர்த்துத் தயாரிக்கப்படுவது. லடாக்கில் வெண்ணெயும் உப்பும் போட்டுக் கடைந்த டீ. அங்கிருந்து ஒருவர் வந்து தமிழ்நாட்டு டீக்கடையில் ஒருவர் முறுக்கை டீயில் முக்கித் தின்பதைப் பார்த்தால் அவருக்கும் ஆச்சரியமாகத்தான் இருக்கும்.

மொறுமொறுப்பு காதிலும் இருக்கிறது

தயிர் சாதத்துக்கு மிக்சர் கேட்கும் பெண்ணை "உனக்கு மட்டும் ஏன்தான் இப்படி?" என்று திட்டுவதற்கு முன் ஒரு விஷயம் தெரிந்துகொள்ளலாம். அவள் கேட்பதில் ஒரு நியாயம் இருக்கிறது.

பிசைந்த தயிர் சாதம் ஒரே மாதிரி மெத்தென்று இருக்கும். முதல் நாலு வாய்க்கு அமிர்தம். அதற்குப் பிறகு நாக்குக்குச் சலிப்புத் தட்டும். வயிறு நிறைவதற்கு முன்பே, சாப்பிட்டுக்கொண்டிருக்கும் அந்த ஒரு சுவையின் மீது மட்டும் ஆசை குறைந்துவிடுவதை அமெரிக்க ஆய்வாளர் பார்பரா ரோல்ஸும் அவருடன் பணியாற்றியவர்களும் 1980-களின் தொடக்கத்தில் சோதனைகளில் காட்டினார்கள். வேறு சுவையோ, வேறு பதமோ வந்தால் ஆசை மறுபடியும் எழும். தயிர் சாதத்துக்கு ஊறுகாய், மோர்மிளகாய், வடகம் என்று பாட்டிகள் வைத்ததும் இதற்குத்தான். மிக்சர் அதே வரிசையில் புதிதாக வந்த ஒன்று. பந்தியில் வயிறு முட்டச் சாப்பிட்டவர் பாயசத்துக்கு மட்டும் இடம் கண்டுபிடிப்பதும் இந்தக் கணக்கில்தான்.

அப்பளத்தின் கதை இன்னும் வேடிக்கை. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் சார்லஸ் ஸ்பென்ஸ், மாசிமிலியானோ சாம்பினி இருவரும் ஒரு சோதனை நடத்தினார்கள். சாப்பிடுபவரின் காதில் ஹெட்போன் மாட்டி, உருளைக்கிழங்கு சிப்ஸைக் கடிக்கும் சத்தத்தை அவருக்கே கேட்க வைத்தார்கள். அந்தச் சத்தத்தைக் கூட்டியபோது, அதே சிப்ஸ் புதிதாகவும் மொறுமொறுப்பாகவும் இருப்பதாக அவர் உணர்ந்தார். குறைத்தபோது நமுத்துப்போனதுபோல் தோன்றியது. 2004-ல் வெளியான இந்த ஆய்வுக்கு, முதலில் சிரிக்க வைத்துப் பிறகு சிந்திக்க வைக்கும் ஆய்வுகளுக்கான 'இக் நோபல்' பரிசு 2008-ல் கிடைத்தது.

ஆக, அப்பா அப்பளத்தை நொறுக்கும்போது அவர் காதும் சேர்ந்துதான் சாப்பிடுகிறது. பக்கத்தில் இருப்பவருக்கு அந்தச் சத்தம் எரிச்சலாக இருக்கலாம். அது வேறு பிரச்னை.

பிடிக்காததற்கும் காரணம் இருக்கிறது

பிடித்ததைக் கேட்பவர்களை வீடு எப்படியோ பொறுத்துக்கொள்கிறது. பிடிக்காது என்று சொல்பவர்கள்தான் அதிகம் வாங்கிக் கட்டிக்கொள்கிறார்கள். "எல்லாரும் சாப்பிடுறாங்க, உனக்கு மட்டும் என்ன?" என்பது நிரந்தர வசனம்.

எல்லோரும் சாப்பிடுவது ஒரே பண்டமாக இருக்கலாம். எல்லோருடைய நாக்கும் ஒன்று இல்லை. ஆர்தர் ஃபாக்ஸ் என்ற அமெரிக்க வேதியியலாளர் ஆய்வுக்கூடத்தில் ஒரு பொடியைக் கையாண்டபோது அது காற்றில் பறந்தது. பக்கத்தில் இருந்தவர் "வாயெல்லாம் கசக்கிறது" என்றார். ஃபாக்ஸுக்கு ஒன்றுமே தெரியவில்லை. அவர் அந்தப் பொடியை எடுத்து நாக்கிலேயே வைத்துப் பார்த்தார், அப்போதும் கசக்கவில்லை. 1931-ல் வெளியான இந்தக் கண்டுபிடிப்பிலிருந்துதான், கசப்பை உணரும் திறன் பரம்பரையாக வருகிறது என்ற ஆராய்ச்சி வளர்ந்தது. முட்டைக்கோஸ் குடும்பத்துக் காய்கறிகளின் லேசான கசப்பு சிலருக்குத் தெரியவே தெரியாது, சிலருக்கு அது மட்டும்தான் தெரியும். பொதுவாகப் பெரியவர்களைவிடக் குழந்தைகளுக்குக் கசப்பு உறைக்கும். பாகற்காயைப் பார்த்து ஓடும் பிள்ளை நடிக்கவில்லை.

கொத்தமல்லித் தழையை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுப்பவர்களும் அப்படித்தான். சிலருக்கு அது சோப்பு வாசனை அடிக்கும். கொத்தமல்லியில் உள்ள சில வேதிப்பொருள்கள் சோப்பிலும் இருக்கின்றன. அவற்றை முகர்ந்தறியும் மரபணுக்களில் உள்ள ஒரு சின்ன வேறுபாட்டுக்கும் இந்த வெறுப்புக்கும் தொடர்பு இருப்பதை 2012-ல் கண்டறிந்தார்கள். மரபணு மட்டுமே எல்லாவற்றையும் தீர்மானிப்பதில்லை, ஆனால் அதற்கும் ஒரு பங்கு இருக்கிறது.

இன்னொரு வகை வெறுப்பு, ஒரே நாளில் பிறப்பது. சின்ன வயதில் பஸ்ஸில் போகும்போது எலுமிச்சை சாதம் சாப்பிட்டு, மலைப்பாதை வளைவில் வாந்தி எடுத்த ஒருவர், ஐம்பது வயதிலும் எலுமிச்சை சாதத்தைத் தொட மாட்டார். குற்றம் வளைவில் இருந்தாலும் தண்டனை சாதத்துக்குத்தான். ஜான் கார்சியா என்ற உளவியலாளர் 1955-ல் எலிகளிடம் இதைக் காட்டினார். இனிப்பு நீர் குடிக்கும்போது கதிர்வீச்சுக்கு உள்ளாகி உடல்நலம் கெட்ட எலிகள், அதற்குப் பிறகு இனிப்பு நீரைத் தவிர்த்தன. சாப்பிட்டது ஒருமுறை ஒத்துக்கொள்ளாமல் போனாலும், உடல் அதை நஞ்சு என்று குறித்துவைத்துக்கொள்கிறது. காடுகளில் அலைந்த காலத்தில் உயிரைக் காப்பாற்றிய குணம் அது. இப்போது கட்டுச்சோற்றின் மேல் பழி போடுகிறது.

விருப்பங்களுக்கோ வேர் இன்னும் ஆழம். அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் ஜூலி மெனெல்லாவும் அவருடைய குழுவினரும் செய்த ஆய்வு 2001-ல் வெளிவந்தது. கர்ப்பத்தின் கடைசி மாதங்களிலோ, தாய்ப்பால் கொடுக்கும் காலத்திலோ கேரட் சாறு குடித்துவந்த பெண்களின் குழந்தைகள், முதன்முதலாகக் கேரட் கலந்த உணவைச் சாப்பிட்டபோது மற்றக் குழந்தைகளைவிடக் குறைவாகவே முகம் சுளித்தன. அம்மா சாப்பிட்டது பிள்ளையின் நாக்குக்கு முன்கூட்டியே அறிமுகமாகிவிடுகிறது. பூண்டு ரசத்துக்கு ஏங்கும் மகன், அந்த ருசியைத் தட்டில் சந்திப்பதற்கு முன்பே சந்தித்திருக்கலாம்.

காரம் என்பது சுவையே அல்ல

பழைய சோற்றுக்குப் பச்சை மிளகாயை அப்படியே கடிப்பவர்கள் தனி ரகம். கண்ணில் நீர் வழியும், மூக்கு ஒழுகும், "ஸ்ஸ்" என்று உறிஞ்சிக்கொண்டே அடுத்த மிளகாயை எடுப்பார்கள்.

உண்மையில் காரம் நாக்கின் சுவைகளில் ஒன்றாக அறிவியலில் சேர்வதில்லை. கொதிக்கும் பொருளைத் தொட்டால் 'சுடுகிறது' என்று மூளைக்குச் சொல்லும் அதே உணர்வு வாயிலைத்தான் மிளகாயில் உள்ள கேப்சைசினும் தட்டுகிறது. இதைக் கண்டறிந்த டேவிட் ஜூலியஸ் 2021-ல் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். அதாவது, மிளகாய் கடிப்பவர் சுடாத ஒன்றில் சுட்டுக்கொள்கிறார். ஆபத்து இல்லை என்று தெரிந்தும் பயந்து ரசிக்கும் ராட்டினம் போலத்தான் இதுவும் என்று விளக்கினார் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் பால் ரோசின்.

காரம் ஏறிவிட்டால் தண்ணீர் குடிப்பதில் பெரிய பயன் இல்லை, கேப்சைசின் தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது. பாலோ, தயிரோ, மோரோ குடிக்கலாம். அவற்றில் உள்ள புரதம் காரத்தைப் பிரித்தெடுத்துப் போகும். பச்சை மிளகாயும் மோர்ச்சோறும் காலங்காலமாகச் சேர்ந்தே இருப்பது சும்மா இல்லை.

காந்தியும் கஸ்தூர்பாவும்

இந்தியாவிலேயே மிகப் புகழ்பெற்ற சாப்பாட்டுப் பிடிவாதக்காரர் என்று காந்தியைச் சொல்லலாம். 1915-ல் ஹரித்துவார் கும்பமேளாவுக்குப் போனபோது, ஒரு நாளில் ஐந்து பொருள்களுக்கு மேல் சாப்பிடுவதில்லை, இருட்டிய பிறகு உண்பதில்லை என்று விரதம் எடுத்தார். தென்னாப்பிரிக்காவில் இருந்தபோதே பாலை விட்டுவிட்டார்.

1918-ல் கடுமையான வயிற்றுக்கடுப்பு வந்து உடல் தேறவே இல்லை. பால் குடித்தால்தான் தெம்பு வரும் என்றார்கள் மருத்துவர்கள். விரதத்தை எப்படி மீறுவது? வழி சொன்னவர் கஸ்தூர்பா. விரதம் எடுத்தபோது மனத்தில் இருந்தவை பசும்பாலும் எருமைப்பாலும்தானே, ஆட்டுப்பாலுக்கு என்ன தடை என்று கேட்டார். காந்தி ஆட்டுப்பாலுக்குச் சம்மதித்தார். அது சரிதானா என்ற உறுத்தல் தனக்கு இருந்ததையும் சுயசரிதையில் எழுதியிருக்கிறார்.

அதே நூலில் கஸ்தூர்பாவின் தட்டைப் பற்றியும் ஒரு நிகழ்ச்சி இருக்கிறது. அவருக்கு உடல்நலம் சரியில்லாதபோது உப்பையும் பருப்பையும் விடும்படி காந்தி வற்புறுத்தினார். உங்களிடம் யாராவது இப்படிச் சொன்னால் உங்களாலேயே விட முடியாது என்றார் கஸ்தூர்பா. காந்தி உடனே, 'சரி, ஓராண்டுக்கு நான் விட்டுவிட்டேன்' என்று அறிவித்துவிட்டார். கஸ்தூர்பா கலங்கிப்போனார். சொன்னதைத் திரும்பப் பெறும்படி கெஞ்சினார். தானும் விட்டுவிடுவதாகச் சொன்னார். காந்தி மாறவில்லை. பிறகு அவர் உடல் தேறியது என்கிறது அந்த நூல்.

கணவரின் விரதத்துக்குள் ஓர் ஓட்டை கண்டுபிடித்து அவரைக் காப்பாற்றத் தெரிந்த பெண்ணுக்கு, உப்பும் பருப்பும் எவ்வளவு பிடித்திருந்தன என்பது ஒரு வாக்குவாதத்தின்போதுதான் வெளியே வந்தது. பல வீடுகளில் அதுகூட வருவதில்லை.

எது குணம், எது குறி?

பெரும்பாலான சாப்பாட்டு விநோதங்களால் யாருக்கும் கேடு இல்லை. அவற்றைத் திருத்தப் போராடுவது வீண். பொரியலும் சாதமும் ஒட்டக் கூடாது என்னும் பையனுக்குத் தனிக் கிண்ணம் கொடுத்தால் பிரச்னை முடிந்தது. புதுக் காய் ஒன்றைக் குழந்தை மறுத்தால், வற்புறுத்தித் திணிக்காமல், சின்ன அளவில் மறுபடி மறுபடி தட்டில் வைப்பதே பலன் தரும். எட்டு, பத்து முறை பார்த்துச் சுவைத்த பிறகுதான் பல பிள்ளைகள் ஒரு புது உணவை ஏற்றுக்கொள்கின்றன. இரண்டாம் முறையிலேயே "இவனுக்கு இது பிடிக்காது" என்று முத்திரை குத்திவிடுவதில்தான் தவறு நடக்கிறது.

ஆனால் சில இடங்களில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

சாப்பிடும் பண்டங்கள் விரல்விட்டு எண்ணும் அளவுக்குச் சுருங்கிக்கொண்டே போய், பிள்ளையின் எடை கூடாமல் நின்றாலோ குறைந்தாலோ அது பிடிவாதம் அல்ல. தவிர்ப்பு உணவுக் கோளாறு என்று 2013-லிருந்தே மருத்துவக் கையேட்டில் அதற்குத் தனி இடம் இருக்கிறது. திட்டுவதற்குப் பதில் குழந்தைகள் நல மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

ஆவி பறக்க, நாக்கைச் சுடும் பதத்தில்தான் காபி வேண்டும் என்பவர்கள், இறக்கி வைத்துச் சில நிமிடம் கழித்துக் குடிப்பது நல்லது. 65 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடான பானங்களைத் தொடர்ந்து குடிப்பது உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்குக் காரணமாகக்கூடும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2016-ல் எச்சரித்தது.

மூன்றாவதுதான் பலர் சிரித்துவிட்டுக் கடந்துபோவது. வேகாத அரிசியை மெல்வது. சிலேட்டுக் குச்சி, சாக்பீஸ் கடிப்பது. திருநீற்றை அள்ளித் தின்பது. மழை பெய்ததும் மண் வாசனைக்கு மேல் மண்ணையே வாயில் போடத் தோன்றுவது. ஃபிரிட்ஜைத் திறந்து ஐஸ் கட்டியை நறநறவென்று கடிப்பது.

இவற்றுக்கு மருத்துவத்தில் 'பைகா' என்று பெயர். எதைக் கண்டாலும் கொத்தும் ஒரு பறவையின் லத்தீன் பெயர் அது. கர்ப்பிணிகளிடம் இது இருந்தால் மசக்கை என்று விட்டுவிடுகிறார்கள். மற்றப் பெண்களிடம் இருந்தால் "கொறிக்கிற புத்தி" என்கிறார்கள். ஆனால் இந்த ஆசை இரும்புச்சத்துக் குறைபாடு உள்ளவர்களிடம் அதிகம் காணப்படுகிறது. குறிப்பாக ஐஸ் கடிக்கும் ஆசை, இரும்புச்சத்து சிகிச்சை தொடங்கியதும் பலருக்குத் தானாகவே அடங்கிவிடுகிறது. அது நாக்கின் குறும்பு இல்லை. ரத்தத்தில் ஒன்று குறைகிறது என்பதற்கான குறியாக இருக்கலாம்.

எத்தனை பெண்களுக்குக் குறைகிறது? 2019-21-ல் நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவிகிதம் பேருக்கு ரத்தசோகை. அதே வயது ஆண்களில் 25 சதவிகிதம். மாதவிடாய், பிரசவம் என்று உடல் காரணங்கள் இருக்கின்றன. அவற்றோடு, கீரை தீர்ந்த பிறகும் மீன் துண்டு தீர்ந்த பிறகும் சாப்பிட உட்காரும் வழக்கமும் சேர்ந்துகொள்கிறது.

சோர்வு, மூச்சு வாங்குவது, முடி உதிர்வது, கண்ணிமையின் உட்புறம் வெளுத்திருப்பது ஆகியவற்றோடு அரிசி மெல்லும் பழக்கமும் இருந்தால் ஹீமோகுளோபின் பரிசோதனை செய்துகொள்வது அவசியம். கர்ப்பமாக இல்லாத பெண்களுக்கு 12 கிராமுக்குக் கீழே போனால் ரத்தசோகை. ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பரிசோதித்துக்கொள்ளலாம். மாத்திரையின் அளவை மருத்துவர் சொல்ல வேண்டும்.

சாப்பாட்டில் முருங்கைக்கீரை, கம்பு, பயறு வகைகள் சேரட்டும். அசைவம் சாப்பிடுபவர்களுக்கு ஈரலும் சுவரொட்டியும் நல்ல துணை. கூடவே எலுமிச்சை, நெல்லி, கொய்யா என்று ஏதாவது ஒன்று இருந்தால் இரும்புச்சத்து உடலில் நன்றாகச் சேரும். சாப்பிட்ட கையோடு டீ, காபி குடித்தால் அது தடைபடும். ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடிக்கலாம்.

கடைசித் தோசை

மறுபடியும் அந்த வீட்டுக்கு வருவோம். கல்லூரியில் நடந்த மருத்துவ முகாமில் ரத்தசோகையின் அறிகுறிகளைச் சொல்லிக்கொண்டே வந்த டாக்டர், "வீட்டுல யாராவது பச்சையா அரிசி தின்னுவாங்களா?" என்று கேட்டார். மாணவிகள் சிரித்தார்கள். மகள் சிரிக்கவில்லை.

அந்த வாரமே அம்மாவைப் பரிசோதனைக்கு அழைத்துப்போனாள். "எனக்கென்னடி, நல்லாத்தானே இருக்கேன்" என்று சொல்லிக்கொண்டே வந்தார் அம்மா. ஹீமோகுளோபின் 8.6 என்று வந்தது. ரிப்போர்ட்டைப் பார்த்த அப்பா, கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. அப்பத்தாதான், "இந்த வீட்டுக்கு வந்த நாள்ல இருந்து அவ மொதல்ல உக்காந்து சாப்பிட்டு நான் பாத்ததில்ல" என்றார். பிறகு மெதுவாக, "நானும் அப்படித்தான் இருந்தேன்" என்று சேர்த்துக்கொண்டார்.

மாத்திரை தொடங்கியது. இரவுச் சாப்பாட்டுக்கு எல்லோரும் ஒன்றாக உட்கார வேண்டும் என்று மகள் ஒரு சட்டம் போட்டாள். பாத்திரங்களை நடுவில் வைத்து அவரவர் போட்டுக்கொள்வது என்று முடிவானது. முதல் இரண்டு நாள் அம்மாவால் உட்கார முடியவில்லை, எதையோ எடுக்க எழுந்துகொண்டே இருந்தார். சில வாரங்கள் கழித்து, அரிசி எடுக்கப் போனவர் மெல்லாமலே திரும்பி வந்ததை முதலில் கவனித்தவன் பையன். "அம்மா, எலி போயிடுச்சா?" என்று கேட்டான்.

ஒருநாள் இரவு தோசை. அன்று அடுப்படியில் மகள். அப்பாவுக்கு மெத்தென்று, தம்பிக்கு ஓரம் இல்லாமல் வட்டமாக, அப்பத்தாவுக்குப் பொடியைத் தூவி. அம்மா எப்போதும் கடைசி மாவை வழித்து ஊற்றிய தடித்த தோசையைத்தான் சாப்பிட்டுப் பார்த்திருக்கிறாள்.

"அம்மா, உனக்கு எப்படி வேணும்?"

"ஏதோ ஒண்ணு ஊத்துடி."

"ஏதோ ஒண்ணுன்னா எனக்கு ஊத்தத் தெரியாது. எப்படி வேணும், சொல்லு."

அம்மா உடனே பதில் சொல்லவில்லை. யாரும் அவரிடம் கேட்டுப் பழக்கம் இல்லாத கேள்வி. தட்டைப் பார்த்தபடி கொஞ்சம் யோசித்தார்.

"சின்ன வயசுல எங்கம்மா ஊத்துவாங்க. நல்லா முறுகலா, சுத்தி நல்லெண்ணெய் விட்டு." பிறகு கொஞ்சம் வெட்கத்தோடு, "தொட்டுக்கச் சர்க்கரை" என்றார்.

அப்பா நிமிர்ந்து பார்த்தார். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷம். தோசைக்குச் சர்க்கரை கேட்பவர்களைப் பார்த்து அவர் சிரிக்காத நாளில்லை. அன்று சிரிக்கவில்லை. எழுந்துபோய் அலமாரியிலிருந்து சர்க்கரை டப்பாவை எடுத்துவந்து, அம்மாவின் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார்.